ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

எல்லப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காய்ச்சல் வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது அவன் மனைவி அம்சவல்லி அல்ல. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மதிவதனி.

1991, சித்திரை மாதம். நல்லான்மேட்டு ஏரி வற்றி, நடுவில் குட்டை அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஊரே சேற்றில் இறங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற காவடிக்காரர்கள்கூட ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அம்சவல்லி முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்து வந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வெயிலில் கூரை ஓலை படபடவென்று வெடித்தது. எல்லப்பன் மட்டும் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. தாடை விட்டுப்போகும்படி கொட்டாவி. கைகால் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"இன்னாயா, ரெண்டு வாய் துன்னு. ஒனக்குன்னு தலைய எடுத்து வெச்சிகிறேன்."

"அத்த அந்தாண்ட எடுத்துகினு போமே. வாசனையே கொமட்டுது."

"ஒரகடம் டாக்டராண்ட போயிட்டு வந்துரலாமா?"

"ஒன்னும் வாணாம். கால அமுக்கு. எலும்ப புடிச்சி யாரோ முறுக்கறாமாரி கீது."

அவள் உட்கார்ந்து காலை அமுக்கினாள். மதிவதனி குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அப்பாவுக்கு நாளைக்கி நல்லா ஆயிடும்மா. நாளைக்கி திங்கக்கெழம."

அம்சவல்லியின் கை நின்றது. போன ஞாயிறும் இதே கம்பளி. அதற்கு முந்தின ஞாயிறும். தைப் பொங்கலுக்குக் கம்பெனி லீவு விட்டார்கள். அன்றைக்கும் இப்படித்தான் கிடந்தான்.

மறுநாள் விடிகாலை, வாந்தி எடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். ரோட்டில் எங்கே விழுவானோ என்று அவள் தெருமுனை வரை பின்னாலேயே போனாள். பொழுது சாய்ந்து திரும்பியபோது சிரித்துக்கொண்டு வந்தான். ஒரு பொட்டலம் பகோடா வாங்கி வந்திருந்தான். நேற்று தொடாத மீன் குழம்பைச் சுண்டவைத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

ஒரகடத்திலிருந்து சிங்கபெருமாள் கோயில் போகும் ரோட்டில் அந்த இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் அதை உலைக் கம்பெனி என்றார்கள். கறுப்பு மணலைப் பெட்டியில் போட்டு இடித்து அச்சு எடுக்க வேண்டும். உருகிய இரும்பை நீளக் கரண்டியில் ஏந்தி அச்சில் ஊற்ற வேண்டும். ஆறியதும் பெட்டியைப் புரட்டிக் கொட்ட வேண்டும். பெட்டி ஒன்று இரண்டு ஆள் கனம். அங்கே வார்த்த சாமான் மறைமலை நகருக்கும் அம்பத்தூருக்கும் லாரியில் போனது. நல்லான்மேட்டிலிருந்து பதினோரு பேர் அதில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஏரிப் பாசனத்தில் ஒரு போகம் விளைவதை நம்பி இருந்தவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் என்பது பெரிய விஷயம். ஆனால் கம்பெனி ரோலில் ஒருத்தன் பெயரும் கிடையாது. எல்லோரும் கோதண்டராமன் என்கிற காண்ட்ராக்டரின் ஆட்கள். அவன் வெளியூரான். ஜீப்பில் வருவான். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை வைத்து மணல் தூசுக்கு மூக்கைப் பொத்திக்கொள்வான்.

அம்சவல்லி வடக்குப் பக்கத்துச் செங்கல் சூளையில் சுடாத பச்சைக்கல் சுமப்பவள். ஒரு நடைக்குப் பத்துக் கல். அவளோடு சுமப்பவள் சந்திரம்மாள். மாசி மாதத்தில்தான் அவள் தாலி இறங்கியிருந்தது. அவள் புருஷன் சுப்பராயன் கரண்டியோடு நின்றபடியே கண் சொக்கி, காய்ச்சிய இரும்பின் மேலேயே சாய்ந்துவிட்டான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பிணத்தைக் கொடுத்தார்கள்.

கல் சுமந்தபடியே அம்சவல்லி கேட்டாள்.

"யக்கா, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டியே? மாமாவுக்கு நாயித்துக்கெழம ஜுரம் வருமா?"

சந்திரம்மாள் தலையில் இருந்த கல்லோடு நின்றுவிட்டாள்.

"ஒனக்கு யாருடி சொன்னது?"

"எங்க வூட்லயும் வருதுக்கா."

"வரும். வவுத்தால போவும். சொவத்துல முட்டிக்குவாரு. காத்து கருப்புன்னு நெனச்சி, மந்திரிச்சி கயிறு கட்னேன். இன்னா பிரயோஜனம்? தோ, தசரதன் பொண்டாட்டிய கேளு. அவ வூட்லயும் இதே கதெதான். கம்பெனிக்கி போறவன் அத்தினி பேருக்கும் லீவு ஜுரம். ஒலெ சூடு ஒடம்புல ஏறிப்போயி, லீவு நாள்ல குளிருதுன்னு அவனுங்களே சொல்லிகினு கீறானுங்கோ."

"நீ நம்பறியாக்கா?"

"நான் இன்னாத்த நம்பறது? எம் புருஷன் சாராயத்த மோந்து பாத்தது இல்ல. குடிகாரன்னு எழுதிட்டானுங்க. நம்பறதுக்கு நம்மள யாரு கேட்டா?"

அன்று துணி துவைக்கும்போது எல்லப்பனின் காக்கிச் சட்டைப் பையில் விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடி மருந்துக் குப்பி இருந்தது. கழுத்து உடைந்த காலிக் குப்பி. இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. அம்சவல்லி அஞ்சாவது வரைக்கும்தான் படித்திருந்தாள். தமிழ் வாசிப்பாள். இது புரியவில்லை. வேலை விட்டு வந்தவன் முன்னால் அதை வைத்தாள்.

"இத்த எவன் குடுத்தான்?"

எல்லப்பன் முதலில் கத்தினான். பிறகு முறத்தை எட்டி உதைத்தான். அவள் இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான்.

"முதுவு வலிம்மே. பெட்டி தூக்கி தூக்கி நிமிர முடியல. மேஸ்திரியாண்ட லீவு கேட்டேன். லீவுன்னா அப்டியே போயிடு, ஒன் எடத்துக்கு வேற ஆளு கீதுன்னான். அப்புறம் கோதண்டராமனே வந்து, ஸ்டோர் ரூமாண்ட கம்பவுண்டர் கன்னியப்பன் கீறாரு, வலி ஊசி போட்டுக்கடான்னாரு. போட்டேன். ரெண்டே நிமிசம். வலியே இல்ல அம்சா. ஒலெயே தெரியல, சூடே தெரியல. டபுள் ஷிப்ட் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெனம். இப்போ காலையில ஒன்னு, டீ டைம்ல ஒன்னு. ஓட்டி, அதான் ஓவர்டைமு, பாத்தா இன்னொன்னு."

"ஓட்டி வாணாம்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஓட்டி வாணாம்னா ஊசியும் கெடையாது."

பதினோரு ஆண்பிள்ளைகளை நுகத்தில் பூட்டுவதற்கு அந்தக் கோதண்டராமனுக்குச் சாட்டை தேவைப்படவில்லை. ஊரில் சாராயம் காய்ச்சுகிறவன் ராத்திரியில் ஒளிந்து காய்ச்சினான். கஞ்சா விற்கிறவன் பீடிக்கட்டுக்குள் மறைத்து விற்றான். இவன் பட்டப்பகலில், ஷிப்ட் மணி அடித்து, வரிசையில் நிற்க வைத்து ஊசி குத்தச் சொன்னான். வெள்ளைச் சட்டை போட்டவன் குத்தினால் அது வைத்தியம் என்று எல்லோரும் நம்பினார்கள். புருஷன் குடிக்காதவன், புகைக்காதவன் என்று அம்சவல்லியும் இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே எல்லப்பனை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பிறகு எல்லப்பனின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். முழங்கை மடிப்பில் நரம்பு கறுத்துக் கயிறு மாதிரி தடித்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒன்ற வருசம் கீதுங்க."

"இது காய்ச்சல் இல்லம்மா," என்று டாக்டரம்மா அம்சவல்லியிடம் சொன்னார். "அபின் இருக்கில்ல, அந்த சாதி மருந்து இது. பெரிய ஆபரேஷன் ஆனவங்களுக்கு, அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் போடணும். தினம் போட்டா உடம்பு அதுக்கு அடிமையாயிடும். கிடைக்காத நாள்ல இப்படித்தான் கிடந்து துடிக்கும். வேலை செய்யறப்போ தூக்கம் சொக்கும்."

அம்சவல்லிக்குச் சுப்பராயன் ஞாபகம் வந்தது. இரும்பின் மேல் சாய்ந்தவன்.

"நிப்பாட்ட முடியுமாம்மா?"

"முடியும். பத்து நாள் இங்கேயே இருக்கணும். நாங்க மருந்து கொடுப்போம், ஆனாலும் கஷ்டமாத்தான் இருக்கும். உங்களைத் திட்டுவார், அடிக்கக்கூட வருவார். யாரையும் கிட்ட விடாதீங்க."

மகளைச் சந்திரம்மாளிடம் விட்டுவிட்டு அம்சவல்லி கட்டிலடியில் முந்தானை விரித்துப் படுத்தாள். முதல் நாள் அவன் ஒன்றுக்குப் பத்துத் தடவை கழிவறைக்குப் போனான். இரண்டாம் நாள் போக முடியாமல் படுக்கையிலேயே போனான். அவள் துடைத்தாள், துவைத்தாள், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் காயப்போட்டாள். கஞ்சியைப் புகட்டினால் அவள் முகத்திலேயே துப்பினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், கம்பவுண்டர் கன்னியப்பன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சாத்துக்குடியும் ரொட்டியும் ஒரு மஞ்சள் பையும். அவனைக் கண்டதும் எல்லப்பனின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அம்சவல்லி பார்த்தாள். தனக்கோ மகளுக்கோ அந்த முகம் ஒரு வருஷமாகக் கிடைக்கவில்லை.

"எப்பிடி கீறாரு தங்கச்சி? காண்ட்ராக்டரு தவிச்சிப் போயிட்டாரு. மூணு நாளா லைன் நிக்குது. இவரு கைப்பட்டாத்தான் அச்சு ஒழுங்கா வருது."

"பையில இன்னா கீது?"

"துண்டு, பழம்..."

அவள் பையைப் பிடுங்கினாள். துண்டுக்குள் ஒரு தகர டப்பா. அதில் ஊசியும் நாலு குப்பியும்.

"ஆஸ்பத்திரில படுத்துகினு கீற மனுசனுக்கு போட வந்தியா?"

"சத்தம் போடாத தங்கச்சி. அவரு படற அவஸ்தய பாக்க சகிக்கல. நான் இன்னா வெசமா குடுத்தேன்? வலிக்குது வலிக்குதுன்னு அவனுங்கதான் வந்து கைய நீட்டனானுங்கோ. ஒன்னே ஒன்னு போட்டா நாளைக்கி எழுந்து வேலைக்கி வந்துடுவாரு."

எல்லப்பன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்சா, குட்த்துரு. முருகன் மேல ஆணையா இதான் கடைசி. ஒன்னே ஒன்னு. என்னால முடியலமே."

"எழுந்திரியா."

"ஒன் கால்ல வுழறேன்மே! நீ என்ன சாவடிக்கத்தானே இங்க இட்டாந்த?"

எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தான். மூன்று நாள் சோறு இறங்காதவன் கை, ஆனாலும் வலித்தது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். அவன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அழுதான். கெட்ட வார்த்தை சொன்னான். ஒரு நொடி அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இந்தக் கண்ணீரைப் பார்ப்பதைவிட அந்த ஊசியே மேல் என்று தோன்றியது. அப்போது கன்னியப்பன் குனிந்து, அன்பான குரலில் சொன்னான்:

"பாத்தியா? அவருதான் கேக்கறாரு."

அந்தக் குரல்தான் அவளை எழுப்பிவிட்டது.

"ஆமாண்டா, அவருதான் கேக்கறாரு! கேக்க வெச்சது எவன்டா? முதுவு ஒடையற வேலைய குடுத்து, லீவு குடுக்காம, இத்த குத்தி குத்தி நாயி மாதிரி கேக்க வெச்சது எவன்டா? சுப்பராயன் மாமாவும் கேட்டாரா? குடிகாரன்னு எழுதனீங்களேடா, நீ குத்துனத எவன்டா எழுதனது?"

வார்டே எழுந்து நின்றது. கால் ஒடிந்து கட்டுப்போட்டிருந்தவர்கூடக் கட்டிலில் நிமிர்ந்து, "புடிங்கையா அவன" என்றார். நர்ஸ் ஓடி வந்தாள். கன்னியப்பன் பழத்தையும் பையையும் விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் மாடிப்படி இறங்கி ஓடினான்.

டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்து, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். போலீசில் கொடுக்கச் சொன்னார். பதினோராம் நாள் எல்லப்பனை வீட்டில் விட்ட கையோடு அம்சவல்லி டப்பாவையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, "கம்பவுண்டர் ஊசி போட்டான்னு கேஸ் போடச் சொல்றியா? வேற வேலை இல்ல?" என்றார். கடிதத்தையும் டப்பாவையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கோதண்டராமன் சொல்லியனுப்பினான். திங்கட்கிழமை வந்தால் வேலை இருக்கிறது, வராவிட்டால் எப்போதும் இல்லை. எல்லப்பன் போகவில்லை. சூளையில் அம்சவல்லியோடு மண் மிதித்தான். முதுகு வலி திரும்பி வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், நொச்சித் தழை வைத்துக் கட்டினாள். போதவில்லை. ஒரு நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காணாமல் போனான். கம்பெனி கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றிருந்தானாம். பிறகு தானே திரும்பி வந்து மண்ணில் இறங்கினான். அவள் தண்ணீர்க் குடத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் போலீஸ் நுழையாத தெரு இல்லை. புதிதாகக் குடிவந்தவன் யார், பேச்சு வேறு மாதிரி இருக்கிறவன் யார், ராத்திரி தங்கிப் போனவன் யார் என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டு போனார்கள். ஆனி மாதம் ஒரு சாயங்காலம் நல்லான்மேட்டுக்கும் வந்தார்கள். ஏட்டு ஒருவர், கூட ஒரு போலீஸ்காரர். பள்ளிக்கூட நாற்காலியைத் தெரு நடுவில் போட்டு ஏட்டு உட்கார்ந்து நீளமான நோட்டைத் திறந்தார்.

"வெளியூர் ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா? சந்தேகப்படற மாதிரி?"

தலையில் சும்மாட்டோடு வந்த அம்சவல்லி நின்றாள்.

"வந்துகிறாங்கோ சார். எழுதிக்கோ."

ஏட்டு பேனாவை எடுத்தார்.

"கோதண்டராமன். காண்ட்ராக்டர். ஒலெ கம்பெனி. நாலு வருசமாச்சி வந்து. கன்னியப்பன். கம்பவுண்டர்னு சொல்லிக்கறான். பதினோரு ஆம்பளைங்களுக்கு தெனம் அபின் ஊசி குத்தறான். ஒருத்தன சாவடிச்சிட்டான்."

"இந்தாம்மா, நாங்க வந்தது வேற விசாரணைக்கு."

"நம்ம ஊருல வந்து உயிர எடுத்தவன் யாருன்னுதானே தேடிகினு கீறீங்க? நாங்களும் அத்தத்தான் சொல்றோம்."

சந்திரம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். "எம் புருஷன் பேரு சுப்பராயன் சார். குடிகாரன் இல்ல. அத்தயும் எழுது." தசரதன் பொண்டாட்டி கைப்பிள்ளையோடு வந்தாள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருத்தி வந்தாள். ஏட்டு கூட்டத்தைப் பார்த்தார், நோட்டில் விறுவிறுவென்று ஏதோ எழுதினார், மூடினார்.

"எழுதியாச்சு. போங்க போங்க."

"காட்டு சார்," என்றாள் அம்சவல்லி.

"என்னது?"

"எழுதனத காட்டு. நான் அஞ்சாவது படிச்சிகிறேன்."

ஏட்டு எழுந்தார். பெண்கள் வழிவிடவில்லை. அவர் வேண்டாவெறுப்பாக நோட்டைத் திறந்தார். அம்சவல்லி சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டிய விரலை வரியின் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். "நல்லான்மேடு. சந்தேக நபர்கள் எவரும் இல்லை."

வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

"அத்த அடி சார். அடிச்சிட்டு எழுது."

"சும்மா எழுத முடியாதும்மா. சாட்சி வேணும். ஊசி போட்டுகிட்டவன் வந்து சொல்லணும். எவன் சொல்வான்? சொன்னா அவன்மேலயும் கேஸ் வரும், தெரியுமா?"

எல்லப்பன் மண் காயாத காலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அம்சவல்லி அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பயந்துவிடுவானோ என்று ஏட்டின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"எல்லப்பன். அப்பா பேரு ராமன். கோதண்டராமன் சொன்னான், கன்னியப்பன் குத்தனான். ஒன்ற வருசம். ஸ்டோர் ரூமாண்ட லைன் கட்டி நிப்போம். இப்போ நிறுத்திட்டேன் சார். இன்னமும் வேணும்னு கேக்குது. கேஸ் வந்தா வரட்டும். எழுது."

ஏட்டு வரியை அடித்தார். மெதுவாக எழுத ஆரம்பித்தார். அம்சவல்லி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே நின்றாள்.

அந்த ஆடி மாதம் கன்னியப்பனைப் பிடித்தார்கள். கோதண்டராமன் பெயர் மேலே போகப்போக எங்கேயோ விடுபட்டுப் போனது. இரண்டு வருஷம் கழித்து அவன் வேறு பெயரில், வேறு ரோட்டில், வேறு ஊர் ஆட்களை வைத்துக் காண்ட்ராக்ட் எடுத்தான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சுப்பராயனைக் குடிகாரன் என்று எழுதிய காகிதத்தையும் யாரும் திருத்தவில்லை. பதினோரு பேரில் ஐந்து பேர்தான் மீண்டார்கள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம், ஏட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் ஊருக்குள் வந்தார்கள். கறுப்பு மணல் அப்பிய முகங்கள். போலீசைக் கண்டதும் தூரத்திலேயே இறங்கிவிட்டார்கள். எல்லப்பன் சட்டையில்லாமல் கை நீட்டி நிற்பதைப் பார்த்தார்கள். சிலர் சைக்கிளைத் திருப்பினார்கள். சிலர் அங்கேயே நின்றார்கள். தசரதன் மட்டும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொண்டாட்டி நிற்கும் பக்கம் திரும்பாமல் நேராக ஏட்டிடம் வந்தான். சட்டைக் கையை மேலே ஏற்றினான்.

"தசரதன். எழுதிக்கோ சார். ஒரு நாளைக்கி மூணு."